பேச்சிப்பாறையில் ரோபோ இறக்கினால் போதுமா?

பிப்ரவரி 18, காலை

குலசேகரத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: "நீருக்கடியில் ஓடும் கேமரா ரோபோக்கள் இப்போது ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கே கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிப் பேச்சிப்பாறையில் இறக்கினால், விரிசல் இருக்கிறதா இல்லையா என்று ஒரே நாளில் தெரிந்துவிடுமே. பிறகு எதற்கு முக்குளிப்பவர், எதற்கு நீரை வடிக்க வேண்டும்?"

இறக்கலாம், இறக்கவும் வேண்டும். ஆனால் ஒரே நாளில் எதுவும் தெரிந்துவிடாது. இந்த வேலையைத் துறைமுகங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன் என்பதால் இதை நீட்டியே எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அணை. திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலம். சுண்ணாம்புக் கலவையில் கல் அடுக்கிக் கட்டியது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட அணையில் முதலில் தேய்வது கல் அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்து. நீர் மெல்ல ஊடுருவும்போது சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். மறுபக்கத்துச் சுவரில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தச் சுண்ணாம்புதான். மறுபக்கத்தை எவரும் நடந்து போய்ப் பார்க்கலாம். நீர்ப்பக்கத்தைப் பார்ப்பதற்குத்தான் ரோபோ.

ரோபோ இரண்டு கற்களுக்கு நடுவிலுள்ள ஒரு சந்தில் சாந்து போயிருப்பதைக் காட்டுகிறது என்று வையுங்கள். படம் துல்லியமாக இருக்கிறது. அந்தச் சந்து எங்கே இருக்கிறது? அணையின் இடது கரையிலிருந்து எத்தனை மீட்டர்? எந்த மட்டத்தில்? இதற்குப் பதில் இல்லாத படம் ஒரு கல்லின் படம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அதே சந்தைத் தேடிப் போய் "போன ஆண்டைவிட ஆழமாகிவிட்டதா" என்று பார்க்க முடியாவிட்டால், இந்த ஆண்டு இறக்கியதில் பாதிப் பயன் வீண்.

பிப்ரவரி 18, இரவு

தக்கலை நண்பர் "ஜிபிஎஸ் இருக்கிறதே" என்கிறார். நீருக்கடியில் இல்லை. ரேடியோ அலை நீரில் சில அங்குலம் போவதற்குள் அடங்கிவிடும். ஜிபிஎஸ், வைஃபை இரண்டுக்கும் அதே கதி. அதனால்தான் இந்த ரோபோக்கள் பின்னால் கேபிளை இழுத்துக்கொண்டு போகின்றன. படம் வருவதும் கட்டளை போவதும் அதன் வழியாகத்தான். ஒலியை வைத்து இடம் கண்டுபிடிக்கும் கருவிகள் உண்டு. ஆனால் அணைச் சுவருக்குப் பக்கத்தில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வருவதால் அவையும் தடுமாறும்.

ஆழம் மட்டும் நன்றாகத் தெரியும். அழுத்தமானி சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. ரோபோ "12 அடி ஆழம்" என்று காட்டுவது அன்றைய நீர்மட்டத்திலிருந்து. அன்று அணையில் 40 அடி நீர் என்றால் அந்தச் சந்து 28 அடி மட்டத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் நீர்மட்டம் 33 அடியாக இருந்தால் அதே சந்து 5 அடி ஆழத்தில் இருக்கும். அன்றைய அளவுகோல் மட்டத்தைக் குறித்து வைக்காமல் ஆழத்தை மட்டும் அறிக்கையில் எழுதினால் அது யாருக்கும் உதவாது. அளவுகோலைத் தினமும் பார்த்து எழுதுகிற அணை ஊழியரான லஸ்கரின் நோட்டுப் புத்தகம்தான் இங்கே அடிப்படை ஆவணம். காலைச் செய்தித்தாளில் பேச்சிப்பாறை 48 அடிக்கு இத்தனை, பெருஞ்சாணி அணை 77 அடிக்கு இத்தனை என்று நாம் படிப்பது அந்த நோட்டிலிருந்து வருவதுதான்.

பிப்ரவரி 20

பக்கவாட்டு இடத்துக்கு என்ன வழி என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். கயிறு. அணை மேல் கைப்பிடிச் சுவரில் சீரான இடைவெளியில் குறியிட்டு, ஒவ்வொரு குறியிலிருந்தும் எடை கட்டிய கயிற்றை நீருக்குள் இறக்க வேண்டும். கயிற்றில் மீட்டருக்கு ஒரு எண் தகடு. ரோபோ கயிற்றின் அருகே மேலிருந்து கீழாகப் போய், அடுத்த கயிற்றுக்கு நகர்ந்து, கீழிருந்து மேலே வரும். எந்தப் படத்தை நிறுத்திப் பார்த்தாலும் ஓரத்தில் ஒரு தகடு தெரியும். அளவுக்கு இரண்டு லேசர் புள்ளிகள், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக விழும்படி. சந்தின் அகலத்தை அவற்றோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளலாம்.

உலகத்தில் எத்தனையோ விலையுயர்ந்த கருவிகள் வந்துவிட்டன. இந்தக் கயிற்றுக்கு இணையாக நம்பத்தக்கது ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21

முக்குளிப்பவர் எதற்கு என்ற பாதிக்கு நேற்றே பதில் எழுதியிருக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் இதைப் பேசும்போது கடியப்பட்டணம், குளச்சல், முட்டம் பக்கத்தில் பாரில் (கடலடிப் பாறையில்) மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஆட்களை நினைக்காமல் பேச முடியாது. மதகில் ஏதாவது அடைத்துக்கொண்டால் பல இடங்களில் இன்றும் இப்படிப்பட்டவர்களைத்தான் அழைத்து வருகிறார்கள். கடலில் அவர்களுக்கு இணை இல்லை. ஆனால் அணை கடல் அல்ல.

கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்தால் உடம்பில் தெரியும். முன்கூட்டியே தெரியும். மதகின் வாயில் அப்படி இல்லை. 14 மீட்டர் ஆழத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் திறப்பு இருந்து, மறுபக்கம் வெறும் காற்று என்றால், அந்தத் திறப்பை மூடுகிற எதன் மீதும் ஏறத்தாழ ஒன்றேகால் டன் எடை அழுத்தும். நீர் அதன் வழியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அதே திறப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இழுப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. எச்சரிக்கை தராமல் கொல்லும் இடம் அது. ஒரு கை அல்லது கால் அடைத்துக்கொண்டால் மேலிருந்து எத்தனை பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் எடுக்க முடியாது. உலகெங்கும் அணைகளில் முக்குளிப்பவர்கள் இறந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

எங்கே என்று சொல்லமாட்டேன், நான் வேலைக்குப் போன ஓர் அணையில், ஆள் உள்ளே இருக்கும்போது மேலே ஒருவர் ஷட்டர் சக்கரத்தில் கை வைத்தார். "லேசாகத் திருப்பிப் பார்க்கிறேன், சிக்கல் எடுபடுகிறதா என்று." ஓடிப் போய்த் தடுத்தோம். அவருக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் ஆள் உதவிக்கு நிற்கிறார் என்று மட்டும்தான் நினைத்தார். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும், சாவி மூழ்குகிற ஆளின் தோழர் கையில் இருக்க வேண்டும். அதிகாரி கையில் வேண்டாம், காவலாளி கையிலும் வேண்டாம்.

ரோபோவின் முதல் பயன் படம் எடுப்பதல்ல, மனிதருக்கு முன்னால் போவது. அது மாட்டிக்கொண்டால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம்.

பிப்ரவரி 21, சற்று நேரம் கழித்து

முந்தைய குறிப்பைப் படித்தவர்கள் "அப்படியானால் இனி ஆளே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள சிறு ரோபோ மதகின் கம்பித் தடுப்பில் சிக்கிய மரக்கட்டையைக் காட்டும், எடுக்காது. ஷட்டரின் ரப்பர் பட்டை கிழிந்திருப்பதைக் காட்டும், மாற்றாது. அதற்குக் கை வேண்டும். வேறுபாடு என்னவென்றால், மூழ்குகிறவர் உள்ளே போகும் முன்பே கரையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்திருப்பார். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போவார்.

பிப்ரவரி 24

கடியப்பட்டணத்து அண்ணன் ஒருவர் எழுதிய பதில் இது: "எங்கள் பிள்ளைகளுக்கு இந்த மெஷின் வேலை தருவார்களா, அல்லது டிகிரி கேட்பார்களா?"

இந்தக் கேள்வியை நெடுநேரம் யோசித்தேன், அண்ணே. ரோபோ ஓட்டுபவரை எல்லோரும் பார்க்கிறார்கள். கேபிள் பிடிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் கேபிளில்தான். தளர்வாக விட்டால் அடியில் சுருண்டு அடிமரத்தில் மாட்டும். இறுக்கிப் பிடித்தால் ரோபோ நகராது. பேச்சிப்பாறை போன்ற தேக்கத்தில் காட்டு மரங்களின் அடிக்கட்டைகள் உண்டு, மீன் பிடித்துவிட்டு அறுந்து போன நைலான் வலை உண்டு. அந்த வலை கேமராவுக்குத் தெரிவதற்குள் விசிறியில் சுற்றிவிடும். தூண்டில் கயிற்றின் அசைவைக் கையால் படித்துப் பழகியவர்கள் கேபிளைப் படிப்பதைக் கண்டிருக்கிறேன். "அண்ணே, பின்னால் ஏதோ தட்டுகிறது, நிறுத்துங்கள்" என்று திரையைப் பார்க்காமலேயே சொல்வார்கள். சரியாகவும் இருக்கும்.

அந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. கற்றுக்கொடுக்கும் இடம்தான் வேண்டும். அதை யார் நடத்துவது என்பதைப் பற்றி இங்கே பேசுவோம், விட்டுவிட வேண்டாம்.

பிப்ரவரி 26

எப்போது இறக்குவது என்று பூதப்பாண்டி அண்ணாச்சி கேட்டதற்கு: வழக்கமாக நம் சானல்களுக்கு ஜூன் 1ஆம் தேதி நீர் திறந்து பிப்ரவரி 28ஆம் தேதி அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் அதற்குள் முடிந்துவிடும். ஆக மார்ச் தொடங்கி மே நடுப்பகுதி வரை ஷட்டர்கள் அடைந்திருக்கும், நீர் அசையாமல் நிற்கும், மட்டமும் இறங்கியிருக்கும். வருடத்தில் அணையின் நீர்ப்பக்கத்தைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய காலம் இது ஒன்றுதான். இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் நம்முடையது. ஜூனில் தென்மேற்கு கலக்கிவிடும், அது தெளிவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து மறுபடியும் கலக்கிவிடும்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடக்க வேண்டும் என்கிறது. மழைக்கு முந்தைய ஆய்வோடு ரோபோவையும் சேர்த்துவிட்டால் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

கலங்கல் நீரில் பெரிய விளக்கைப் போட்டால் தெரியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னும் மோசமாகும். கோதையாறு மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹைபீம் போட்டுப் பாருங்கள், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு பக்கமும் தள்ளி, சாய்த்து வைக்க வேண்டும், சுவருக்கு மிக அருகே போக வேண்டும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல், ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துப் பார்க்கும் சோனார்தான். சோனார் கல்லின் சந்தைக் காட்டாது, பெரிய குழியையும் சரிவையும் காட்டும்.

மார்ச் 1

ஓய்வு பெற்ற பொறியாளர் ஐயா ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: "மேல்தோலைப் பார்த்துவிட்டு அணை நலம் என்று சான்று கொடுக்கப் போகிறீர்களா?"

இல்லை, ஐயா. உங்கள் கவலை முழுக்கச் சரி. ரோபோ கல்லுக்கு உள்ளே பார்க்காது. சுவரின் உடலில் வெற்றிடம் இருக்கிறதா என்பதற்குத் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும், ஒலி அலை செலுத்திப் பார்க்க வேண்டும். கசிவு நீர் எவ்வளவு என்று மறுபக்கத்தில் அளக்க வேண்டும். மண் அணைகளில் நீர்ப்பக்கத்துக் கல்பாவு சரிந்திருப்பது மட்டும்தான் ரோபோவுக்குத் தெரியும், கரைக்குள் ஊறும் நீர் தெரியாது.

ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒரு வேலை ரோபோவால் முடியும். மறுபக்கத்தில் ஓர் இடத்தில் கசிவு கூடியிருக்கிறது என்று வையுங்கள். நீர்ப்பக்கத்தில் சந்தேகமான சந்துகளின் முன்னால் ரோபோ போய் நின்று சிறிதளவு சாயம் விடும். மற்ற இடங்களில் சாயம் மெல்லப் பரவிக் கலையும். நீர் உள்ளே போகிற சந்தில் மட்டும் நூல் பிடித்தாற்போல் உள்ளே இழுபடும். கலவை செலுத்தி அடைக்க வேண்டிய இடம் அதுதான். முழுச் சுவரையும் தோண்டிப் பார்க்கும் செலவு மிச்சம். பேச்சிப்பாறையை அணைகள் புனரமைப்புத் திட்டத்தில் பலப்படுத்திய காலத்தில் நீரைக் குறைவாகத் தேக்கி வைக்க நேர்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கோதையாற்றுப் பாசனம் 79,000 ஏக்கர். ஒவ்வொரு அடி நீரும் யாரோ ஒருவருடைய வயல். வடிக்காமல் பார்க்க முடிகிற எதையும் வடிக்காமல் பார்ப்பது விவசாயிக்குச் செய்யும் நியாயம்.

மார்ச் 3

முக்கடல் பற்றிக் கேட்ட நாகர்கோவில் சகோதரிக்கு: 25 அடி அணை, நகரத்துக்குக் குடிநீர். வறட்சியில் மட்டம் மைனஸில், அதாவது அளவுகோலின் பூஜ்யத்துக்கும் கீழே, போனதாகச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். குடிநீர் தேக்கத்தில் ரோபோ இறக்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: இதற்கு முன் இந்த இயந்திரம் எங்கே ஓடியது? துறைமுகத்து எண்ணெய்ப் படலத்தோடு வந்த கேபிளைக் கழுவாமல் குடிநீரில் இறக்கக் கூடாது. கழுவி, உலர்த்தி, பிறகுதான்.

மார்ச் 3, மறுபடியும்

கடலிலிருந்து அணைக்கு வரும்போது எடையையும் மாற்ற வேண்டும். உப்பு நீர் நல்ல நீரைவிட இரண்டரை சதவீதம் கனம். கடலில் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்கும்படி அமைத்த 11 கிலோ ரோபோ, அணையில் கால் கிலோ கூடுதல் எடை போலத் தரை நோக்கி இறங்கும். இறங்கியதும் விசிறி அடித்து மேலே வரப் பார்க்கும், அடிச்சேறு எழும், அன்றைய வேலை முடிந்தது. சின்னமுட்டத்தில் வேலை முடித்து நேராகப் பெருஞ்சாணிக்குப் போகிறவர்கள் கரையிலேயே ஈயத் துண்டைக் கழற்றிவிடுங்கள்.

மார்ச் 7

பேச்சு துறைமுகங்களுக்குப் போய்விட்டது, நல்லதுதான். நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். படகுத்துறைத் தூண்களைச் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. மேற்கில் தடைக்காலம் முழுவதும் தென்மேற்குக் காற்று. அலை அடிக்கும் இடத்தில் சிறு ரோபோ நிற்காது, தூணில் மோதும். அங்கே பிப்ரவரி, மார்ச்சில்தான் பார்க்க வேண்டும், அப்போது படகுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே துறைமுகத்தில் மீனவர் சங்கத்தோடு பேசி நேரம் ஒதுக்காமல் இறங்க முடியாது.

தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போனதால் அங்கே என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தவிப்பு இருக்கிறது. அங்கே மணல் திட்டு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்குக் கேமரா ரோபோ தேவையில்லை. படகிலிருந்து சோனாரால் அடிமட்டத்தை அடிக்கடி அளந்தாலே போதும். அந்த அளவு மாதந்தோறும் மீனவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம்.

மார்ச் 9

"எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே" என்ற கருத்துக்கு: இல்லை. சென்னை ஐஐடியில் வளர்ந்த பிளானிஸ், கொச்சியின் ஐரோவ் ஆகிய இரண்டும் நம் நாட்டு நிறுவனங்கள், இந்த வேலைக்கென்றே ரோபோ செய்கின்றன. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் ரோபோவான ரோசப் 2010இலேயே 5,289 மீட்டர் ஆழம் போய் வந்தது. நமக்கு வேண்டியது முப்பது மீட்டர்.

மார்ச் 12

"வெளியிலிருந்து பெரிய கருவியை வாடகைக்கு எடுப்பதா, மாவட்டத்துக்கென்று சிறியது ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வதா" என்ற வாதம் சூடாகப் போகிறது. என் கருத்தில் மாற்றமில்லை: சிறியது ஒன்று எப்போதும் இங்கேயே இருக்க வேண்டும். ஒரே குழு, அதே கயிறு, அதே குறிகள், ஒவ்வோர் ஆண்டும் அதே மாதம். ஐந்தாண்டுப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு சந்து வளர்கிறதா, வெறும் பழைய வடுவா என்று தெரியும். ஒரே முறை வந்து போகிற எந்தப் பெரிய கருவியாலும் அதைச் சொல்ல முடியாது.

இருந்தாலும் இரண்டு நாட்களாக யோசித்து ஒன்றைச் சேர்க்கிறேன். பெருவெள்ளத்தில் மறுகால் பாய்ந்த பிறகு நீர் விழுகிற பள்ளத்தில் அரிப்பு எவ்வளவு என்று பார்ப்பது சிறு ரோபோவின் வேலை அல்ல. அதற்கு நல்ல சோனார் பொருத்திய கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். அப்படிப்பட்ட நேரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். ஒக்கி புயலுக்குப் பிறகு நாம் கரையிலிருந்து பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மார்ச் 15

கயிறு பற்றி மூவர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டதால்: நைலான் வேண்டாம், நனைந்தால் நீளும், மீட்டர் கணக்குத் தப்பிவிடும். பாலியெஸ்டர் அல்லது மெல்லிய துருப்பிடிக்காத கம்பி. எடை ஐந்து கிலோவுக்குக் குறையாமல், கூர்மையில்லாத உருண்டையாக. தகடு மஞ்சள் நிறம், எண் கறுப்பில், இரண்டு பக்கமும். சிவப்பு வேண்டாம், சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிக் கறுப்பாகத் தெரியும். கைப்பிடிச் சுவரில் குறியைப் பெயின்டால் போடாமல் உளியால் செதுக்கச் சொல்லுங்கள். அடுத்த வெள்ளையடிப்பில் பெயின்ட் போய்விடும்.